வசவுக்கு ஆள் தேவை

அலுவலகத்தில் அவளுக்கு ஆள்பிடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு வேண்டுமானாலும் மொழிபெயர்க்க ஆள் பிடித்துக் கொண்டுவருவதுதான் அவள் வேலை. கப்பல் இன்ஷூரன்ஸ் தெரிந்த கிரேக்கக்காரர் வேண்டுமா, மாட்டு வைத்தியம் தெரிந்த போலிஷ்காரர் வேண்டுமா, முதலாளி அவள் மேஜைப் பக்கம் தலையைத் திருப்பினால் போதும், எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். அப்பேர்ப்பட்டவள் கெட்ட வார்த்தை தெரிந்த ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடினாள் என்றால் யார் நம்புவார்கள்?

வந்தது ஒரு பிரெஞ்சுப் படம். ஹீப்ருவில் சப்டைட்டில் போட வேண்டும். முதலாளி படத்தைப் பார்க்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்கு வாய் முந்தும், புத்தி பின்னால் நடந்து வரும். படத்தை ஓடவிட்டுப் பார்த்தால், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிகளில் உட்கார்ந்துகொண்டு வேலைவெட்டி இல்லாத நாலு பையன்கள் கடைசி வரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாசமும் திட்டில்தான், சமாதானமும் திட்டில்தான். ஒருவன் இன்னொருவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னதே அவன் பரம்பரையை இழுத்துத்தான்.

ஹீப்ருவைப் பார்த்துக்கொள்ள அலுவலகத்தில் ஒரு திருத்துநர் இருந்தார். கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொள்கிற மனிதர். கால் மேல் பெட்டி விழுந்தால்கூட 'அடடா' என்பதோடு நிறுத்திக்கொள்வார். முதல் காட்சியை அவரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 'எழுந்து தொலைடா நாயே' என்கிற தினுசில் ஒரு வசனம். அதற்கு அவர், 'நண்பனே, துயில் நீங்குவாயாக' என்கிற தினுசில் எழுதிக்கொண்டு வந்தார். பொறுக்கிப் பையன்கள் நாலு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து பிரசங்கம் செய்தார்கள். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஆள்பிடிக்கும் இரண்டு மொழியும் தெரியும்தான், ஆனால் பள்ளிக்கூடத்து மொழி. தப்பு எது என்று பார்த்துச் சொல்வாள், சரி எது என்று எழுத வராது. ஆகவே தேட ஆரம்பித்தாள். கொச்சைப் பேச்சை ஆராய்ந்த பேராசிரியர் ஒருவர் கிடைத்தார். ஒவ்வொரு வசவுக்கும் அடிக்குறிப்பு போட்டே தீர வேண்டும் என்றார். திரையில் எப்படி சார் அடிக்குறிப்பு என்று கேட்டதற்கு, படத்தை நடுநடுவே நிறுத்திக் காட்டச் சொன்னார். தூதரகத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள், "எனக்கு எல்லாம் தெரியும், ஆனா என் கையால எழுத மாட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாள். மதுக்கடையில் வேலை பார்த்த ஒருவனுக்கு வாயைத் திறந்தால் அருவி மாதிரி கொட்டியது. கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. வணக்கத்துக்கும் அதையே வைத்துக்கொண்டிருந்தான்.

இதில் அவளுக்குக் கூச்சமான இடம், கேள்வியைக் கேட்பதுதான். நாலு பக்கமும் மேஜை போட்ட திறந்த ஹாலில் உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாத ஆண்களிடம், "உங்களுக்குக் கெட்ட வார்த்தை நல்லா வருமா சார்?" என்று கேட்க வேண்டும். குரலைத் தாழ்த்தினால் அது இன்னும் அசிங்கமாகக் கேட்டது. கணக்குப் பிரிவில் சிரிப்பை அடக்க மாற்றி மாற்றி இருமினார்கள். அதுதான் பெரிய வெட்கம் என்று அப்போது நினைத்தாள். வெட்கம் என்றால் என்னவென்று அவளுக்கு அப்போது தெரியாது.

கடைசியில் ஆள் கிடைத்தது வீட்டுக்குள்ளிருந்து. அவள், கணவன், பள்ளிக்கூடம் போகும் மகள், கணவனின் தங்கை என்று நாலு பேர் இருக்கும் வீடு அது. நாத்தனார் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, உங்க ஆள் எங்க கிளினிக்குக்கு வந்துட்டா. கடைவாய்ப் பல்லு. டாக்டர் ஊசியை எடுத்ததும் ஆரம்பிச்சா பாருங்க, பாதி பிரெஞ்சு, பாதி ஹீப்ரு. டாக்டருக்கு ஒண்ணும் புரியல, பாவம் பயந்துபோய் ஜெபம் பண்றான்னு நெனச்சுத் தோளைத் தட்டிக் குடுக்கறார். எனக்குப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஹீப்ரு புரியுதுல்ல, டிரேயைக் கீழ போட்டுட்டேன்."

"என்ன வேலை பண்றாளாம்?"

"கேட்டா நம்ப மாட்டீங்க. மொழிபெயர்ப்பாளர். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், அதுக்கெல்லாம் கூட வர்ற புத்தகம் இருக்குல்ல, அதை எழுதறவ."

மறுநாளே ஆள்பிடி அவளுக்குப் போன் போட்டாள். பல்வலிக்காரி என்று போனில் பதிந்துவைத்தாள், கடைசி வரை அந்தப் பெயர்தான் நின்றது. குரல் இருபத்தைந்து முப்பது வயதுக் குரல், பதவிசான குரல். வசவுக்கு ஆள் தேவை என்றதும் அந்தப் பதவிசு ஒரு நிமிஷத்தில் காற்றில் போயிற்று. இதற்காகவே பிறந்தவள் போலப் பேசினாள்.

"எங்க அப்பாவுக்கு பிரெஞ்சு, அம்மாவுக்கு ஹீப்ரு. சண்டை வந்தா ஆளுக்கு அவங்கவங்க பாஷைக்குப் போய்டுவாங்க. நடுவுல நான் உக்காந்து இவர் சொன்னதை அவங்களுக்கு, அவங்க சொன்னதை இவருக்கு மாத்திச் சொல்லுவேன். கொஞ்சம் காரத்தைக் குறைச்சுத்தான் சொல்லுவேன். ரொம்பக் குறைச்சா நம்ப மாட்டாங்க. அந்த அளவு தெரியணும். அதுதான்க்கா என் படிப்பு."

"சின்னக் குழந்தைக்குப் பயமா இருந்திருக்காது?"

"திட்டிக்கிட்டு இருந்த வரைக்கும் பயமே இல்ல. திட்டறவங்க எங்கயும் போக மாட்டாங்க. ஒரு நாள் சமையல்ரூம் வாசல்ல அம்மா நின்னுட்டு இருந்தாங்க. அப்பா வந்து, 'தயவுசெஞ்சு கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா'ன்னார். அவ்வளவுதான். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, முடிஞ்சுதுன்னு. அந்த வருஷமே அவர் வீட்டை விட்டுப் போய்ட்டார்."

ஒன்றிரண்டு வாரத்தில் அக்கா, தங்கை போல ஆகிவிட்டார்கள். நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் பல்வலிக்காரி 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு வந்துவிட்டாள். ஆள்பிடி ஏதாவது அசட்டுக் கேள்வி கேட்டால், "லூசுக்கா நீ" என்பாள். அப்படிச் சொல்லும்போது ஆள்பிடிக்கு உள்ளுக்குள் இனித்தது. அலுவலகத்தில் யாரும் அவளை அவ்வளவு உரிமையோடு திட்டியதில்லை.

பல்வலிக்காரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "படம் முடிஞ்சப்புறம் பேர் போடுவாங்கள்ல, சப்டைட்டில் இன்னார்னு. என் பேர் வருமா? ஃபிரிட்ஜ் புத்தகத்துல யார் பேரும் வராது. நான் இத்தனை வருஷமா எழுதறேன், என் பேரை நானே அச்சுல பார்த்ததில்ல."

"வரும். அதுதான் வழக்கம்" என்றாள் ஆள்பிடி. அப்போது அதை மனதாரத்தான் சொன்னாள்.

முதலாளிக்கு வேறொரு வழக்கம் இருந்தது. புதிதாக ஆள் எடுக்கும்போது டெஸ்ட் என்று ஒரு பக்கம் கொடுத்து எழுதி வாங்குவார்கள், அது எல்லா இடத்திலும் உள்ளதுதான். முதலாளி அந்த ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். பெரிய விளம்பர வேலை வந்தால் கூறு போட்டு, ஆளுக்கு ஒரு கூறு டெஸ்ட் என்று அனுப்பி, வந்ததை எல்லாம் சேர்த்துத் தைத்து, எழுதினவர்களுக்கு 'தாங்கள் தேர்வாகவில்லை' என்று ஒரு மெயில் போட்டுவிடுவார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அவர் பரிமாறுவார். அந்த மெயிலைத் தட்டுகிற கை ஆள்பிடியுடையது. பல வருஷமாகத் தட்டுகிறாள். அடுப்பை அணைக்கிற மாதிரி, கதவைச் சாத்துகிற மாதிரி, அதுவும் ஒரு வேலை என்று தட்டினாள்.

"கஷ்டமான காட்சி அத்தனையும் டெஸ்டுன்னு அந்தப் பொண்ணுக்கு அனுப்பிடு" என்றார் முதலாளி. "மிச்சத்தை நம்ம திருத்துநர் அதே பாணியில ஒப்பேத்திடுவார்."

அவளுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அனுப்பினாள்.

"அக்கா, இது ருசி பார்க்கக் குடுத்ததா, வயிறு நிறையக் குடுத்ததா?" என்று பல்வலிக்காரி சிரித்தாள். சந்தேகப்பட்டுச் சிரித்த சிரிப்பு இல்லை, ஆசையில் சிரித்தது. ராப்பகலாக உட்கார்ந்து எழுதினாள். எழுதினதோடு விடவில்லை. வசவு காதில் விழ வேண்டிய பொருள், கண்ணால் பார்த்து அதை எடைபோட முடியாது என்று சொல்லி, ஒவ்வொரு வசனத்தையும் தானே பேசி வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாள். திட்டின் முனை வரும் இடத்துக்கு முன்னால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'த்சு' என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அந்த 'த்சு'வுக்கு அப்புறம் வருவது நேராகப் போய்த் தைக்கும்.

ஆள்பிடி அவற்றைச் சமையலறையில் போட்டுக் கேட்பாள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாள், துணி மடித்துக்கொண்டே கேட்பாள். வீடு முழுக்க ஒரு பெண்ணின் குரல் அழகாகத் திட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று எல்லாருக்கும் பிடித்துப்போனது. சொன்ன நேரத்துக்கு வராத கூட்டாளியைப் பார்த்து மாடிப்படியில் ஒருவன் சொல்வது. நம் வாய்க்கு மாற்றிச் சொன்னால் இப்படி வரும்: 'உன்னை நம்பிக் கழுதையை மேய்க்க அனுப்பினா, கழுதை வீட்டுக்கு வந்து சேரும். த்சு. நீ வரமாட்ட.' பிரெஞ்சு வசனத்தில் கழுதையே கிடையாது. அது அவளாகக் கொண்டுவந்து கட்டின கழுதை. மகள் அதை 'த்சு'வோடு பாடம் பண்ணிக்கொண்டு, குப்பையைக் கொட்டப் போய் அரட்டையில் நின்றுவிடும் அப்பாவைப் பார்த்துச் சொல்லும், அவர் தோளைக் குலுக்கிச் சிரிப்பார்.

கடைசிக் காட்சியில்தான் பல்வலிக்காரி அதிக நாள் நின்றாள். நாலு பேரில் ஒருவன் மற்றவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். காட்டிக்கொடுக்கப்பட்டவன் திட்டுவான் என்று எல்லாரும் எதிர்பார்க்கிற இடத்தில் அவன் திட்டாமல், முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மாதிரி மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். "இந்த இடத்தில ஒரு அழுக்கு வார்த்தை வரக் கூடாதுக்கா. வெள்ளைத் துணி மாதிரி இருக்கணும். இதுக்காகத்தான் இவ்வளவு நேரம் திட்டினதே" என்றாள். கேட்டபோது ஆள்பிடிக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்போடுதான் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொடுத்தாள்.

"பிரமாதம்" என்றார் அவர். "வழக்கமான மெயிலைப் போட்டுடு."

"சார், இந்தப் பொண்ணுக்கு மட்டும்..."

"மட்டும்னு ஆரம்பிச்சா எல்லாருக்கும் மட்டும்தான்."

அவள் போட்டாள். 'தங்கள் நடை எங்கள் தேவைக்குப் பொருந்தி வரவில்லை. தங்கள் முயற்சிக்கு நன்றி.' கை நடுங்கவில்லை. கொஞ்சம் நடுங்கியிருந்தால்கூடத் தேவலை என்று பிற்பாடு பலமுறை நினைத்துக் கூசிப்போனாள்.

மத்தியானமே போன் வந்தது. "அக்கா, கோச்சுக்காத, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். எங்க தப்பு பண்ணேன்? காரம் பத்தலையா, அதிகமாய்டுச்சா?"

என்னத்தைச் சொல்வது? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முதலாளி முடிவு என்று சொல்லியிருக்கலாம். கணக்குப் பிரிவு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேச்சை முடித்தால் போதும் என்ற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"கொஞ்சம்... செயற்கையா இருந்துச்சுன்னு சொன்னாங்க."

"செயற்கையாவா" என்றாள் பல்வலிக்காரி. "சரிக்கா. எனக்கு அது தெரியாமப் போச்சு."

ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொல்வது உலகத்தில் உள்ளதுதான். ஆனால் சமையலறையில் அப்பனுக்கும் அம்மைக்கும் நடுவில் உட்கார்ந்து பழகின காதைப் பார்த்து, உன் காது சரியில்லை என்று சொல்லிவிட்டாள். அது என்ன பாவம் என்று அன்று இரவு படுத்தபோது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் போனை எடுக்கவில்லை.

வேலை முடிந்து, பெயர் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. திருத்துநர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "இந்தப் படத்துல என் பேரா? சொந்தக்காரங்க முகத்துல முழிக்கணும் சார்." அவருக்கு வெட்கம் வந்த இடத்தைப் பார்த்து முதலாளி சிரித்தார். அப்புறம் ஆள்பிடியின் மேஜைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"உன் பேரைப் போட்டுக்கோயேன். ஆளைப் பிடிச்சவ நீதானே."

"வேண்டாம் சார்" என்றாள். ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்ல நாக்கு எழவில்லை. எத்தனையோ பேருக்கு வேலை பிடித்துக் கொடுத்தவள், எத்தனையோ பெயர்களைச் சரிபார்த்து அனுப்பியவள். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் தன் பெயர் இல்லாதவள் அந்த ஊரில் பல்வலிக்காரி ஒருத்தி மட்டும் இல்லை. அதை அவள் தனக்குத்தானே ஒரு நியாயமாகச் சொல்லிக்கொண்டாள். நியாயம் அரை நாள் தாங்கியது.

ஹீப்ரு படிக்கிறவர்களுக்காக ஒரு சாயங்காலக் காட்சி ஏற்பாடு செய்திருந்தார்கள். படக் கம்பெனி சில டிக்கெட்டுகள் கொடுத்தது. வீட்டில் எல்லாரையும் வரச் சொன்னாள். "படம் முடிஞ்சதும் எழுந்துடாதீங்க. கடைசி வரைக்கும் உக்காரணும். ஒரு விஷயம் இருக்கு" என்று மகளிடம் ரகசியம் வைத்தாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கணவனும் மகளும் அவளுடன் வந்தார்கள். நாத்தனார் வேலையிலிருந்து நேரே வருவதாகச் சொல்லியிருந்தாள். வந்தாள், கூடவே ஒரு சிறிய உருவமான பெண்ணையும் அழைத்து வந்தாள். அன்று தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, பரீட்சைக்கு வந்தவள் மாதிரி.

"யாருன்னு தெரியுதா அண்ணி? இன்னிக்குப் பல்லுக்குக் கேப் போட வந்தா. இந்தப் படத்தைப் பத்திச் சொன்னேன். தேர்வானவங்க எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்த்துக் கத்துக்கணும்னா. ஒரு டிக்கெட் கூட இருந்துச்சுல்ல."

"அக்கா" என்று பல்வலிக்காரி கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இவ்வளவு உயரமா இருப்பேன்னு நினைக்கவே இல்ல."

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, கையை உதறவும் முடியாது. வரிசையில் பல்வலிக்காரி அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இப்போதே சொல்லிவிடு, விளக்கு அணைவதற்குள் சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, அந்த விஷயம் எப்ப வரும்?" என்றது. விளக்கு அணைந்தது.

கழுதை வந்தபோது அரங்கமே சிரித்தது. பின்வரிசையில் யாரோ அதை இன்னொரு தரம் உரக்கச் சொல்லிச் சிரித்தார்கள். பல்வலிக்காரி ஆள்பிடியின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"அக்கா, நானும் இதேதான் எழுதியிருந்தேன். இதே கழுதை." குரலில் பொறாமை இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. "அப்ப நான் அவ்வளவு தப்பா எழுதல பாரு."

"ம்" என்றாள் ஆள்பிடி.

அடுத்த வசவுக்கும் சிரிப்பு வந்தது. கை மணிக்கட்டிலேயே இருந்தது, பிடி மட்டும் தளர்ந்தது. அதற்கடுத்த வசவில் கை எடுக்கப்பட்டது. வெடுக்கென்று எடுக்கவில்லை. அடுத்தவர் பொருளைத் தெரியாமல் எடுத்துவிட்டவர் திருப்பி வைப்பது மாதிரி, மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆள்பிடி ஓரக்கண்ணால் பார்த்தாள். பல்வலிக்காரி படத்தைப் பார்க்கவில்லை. திரையின் அடியில் எழுத்து வருகிற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. எழுத்து வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அசைந்தன.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள், இப்போது பூசணிக்காய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இருட்டு இன்னும் கொஞ்சம் நீடிக்காதா என்று வேண்டிக்கொண்டாள். கடைசிக் காட்சி வந்தது, அந்த வெள்ளைத் துணி வசனம் வந்தது. அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அவ்வளவு நல்ல வேலை அது.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஆள்பிடி எழுந்தாள். "வாங்க, கூட்டத்துக்கு முன்னாடி போய்டலாம்."

"நீதானே கடைசி வரைக்கும் உக்காரச் சொன்ன" என்றாள் மகள்.

"பேர் வரட்டும்" என்றாள் பல்வலிக்காரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வந்தது. ஆள்பிடியின் முழுப் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து, பெரிய எழுத்தில். இத்தனை நாள் கனவில் பார்த்த எழுத்து. மகள் துள்ளி எழுந்து கை தட்டினாள். தூங்கிப்போயிருந்த கணவன் விழித்துக்கொண்டு தானும் தட்டினான். நாத்தனார் தட்டவில்லை. அண்ணியைப் பார்த்தாள், பிறகு பல்வலிக்காரியைப் பார்த்தாள், மறுபடி அண்ணியைப் பார்த்தாள்.

வெளியே கண்ணாடிக் கதவுக்கு அருகில் எல்லாரும் நின்றார்கள். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மா, அந்தக் கழுதை டயலாக் நீ எழுதினதா? எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்று சொல்லிவிட்டு, அதை அப்படியே பேசியும் காட்டினாள். நடுவில் அந்த 'த்சு' அச்சு அசலாக விழுந்தது.

பல்வலிக்காரி குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா சொல்ற கண்ணு. அந்தச் சத்தத்தை எங்க கத்துக்கிட்ட?"

"அம்மா போன்ல ஒரு ஆன்ட்டி சொல்லுவாங்க. எங்க வீட்டுல எப்பவும் ஓடிட்டே இருக்கும்."

"அண்ணி" என்றாள் நாத்தனார்.

இதுதான் நேரம் என்று ஆள்பிடிக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். "நேரமாச்சு" என்றாள். அதுதான் வந்தது.

"ஆமா, எனக்கும் பஸ் வந்துடும்" என்று பல்வலிக்காரி நாத்தனாரின் தோளைத் தொட்டு விடைபெற்றுக்கொண்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். பஸ் நிறுத்தத்து விளக்கின் கீழ் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள்.

"அது நான் எழுதினதில்ல" என்றாள் ஆள்பிடி மகளிடம். "எல்லாம் அவங்க எழுதினது. நான் என் பேரைப் போட்டுக்கிட்டேன்."

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. புரியாததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். "அவங்க இங்கதானேம்மா நின்னாங்க. அப்பவே ஏன் சொல்லல?"

ஆள்பிடி ஓடினாள். சிவப்பு விளக்கைக்கூடப் பார்க்கவில்லை, ஒரு கார் ஒலியெழுப்பிக்கொண்டு விலகிப் போயிற்று. நிறுத்தத்தில் போய் பல்வலிக்காரியின் எதிரே நின்றபோது மூச்சு வாங்கியது.

"எல்லாம் உன்னோடது. நான் தெரிஞ்சேதான் பண்ணேன். நாளைக்கே முதலாளிகிட்ட சொல்லிப் பேரை மாத்த வைக்கறேன். வேலையே போனாலும் சரி."

"மாத்துங்க. அது உங்க ஆபீஸ் விஷயம்" என்றாள் பல்வலிக்காரி.

"திட்டிடு. உனக்குத் தெரிஞ்சதுலயே மோசமானதைச் சொல்லித் திட்டிடு. நான் வாங்கிக்கறேன்."

பல்வலிக்காரி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் மேடம். செயற்கையா இருக்குன்னு சொன்னீங்க. அதை யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

"செயற்கையா இல்லையா?"

"இல்ல."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். தோள்கள் இறங்கின. "அதுக்கப்புறம் நான் ஒரு வரிகூட எழுதல. ஃபிரிட்ஜ் புத்தகம்கூட எழுத வரல. எந்த வார்த்தையை எடுத்தாலும் சந்தேகமா இருந்துச்சு." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "இல்லைன்னு சொன்னீங்களே, அது போதும்."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஆள்பிடி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். தான் மறித்துக்கொண்டு நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒரு வார்த்தை, 'லூசுக்கா'வாவது வராதா என்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்வலிக்காரி பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"தயவுசெஞ்சு கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா?" என்றாள்.

ஆள்பிடி நகர்ந்துகொண்டாள்.